கால்குலேட்டர் காட்டும் இலக்கமெல்லாம் உண்மையா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு கல். மின்னணுத் தராசில் வைத்தால் 37.5 கிராம் காட்டுகிறது. அடுத்து, யுரேகா கலனில் விளிம்புவரை நீர் நிரப்பி, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்குகிறோம். வழிந்த நீரை நீள் உருளையில் பிடித்துப் பார்த்தால் 14 கன செ.மீ. இருக்கிறது. கல்லின் அடர்த்தி என்ன?

பொருண்மையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கால்குலேட்டரில் 37.5 ÷ 14 என்று தட்டினால் 2.678571429 என்று வருகிறது. பல மாணவர்கள் அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். கால்குலேட்டர் தவறு செய்யாது, நிறைய இலக்கம் எழுதினால் விடை இன்னும் சரியாக இருக்கும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால், ஆசிரியர் சிவப்பு மையால் அதை வட்டமிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார். கணக்கு சரி, விடைக்கு ஏன் மதிப்பெண் இல்லை?

காரணம் எளிது. அந்த விடையில் நாம் அளக்காத விஷயங்களும் சேர்ந்துவிட்டன.

நீள் உருளையைக் கேட்போம்

நாம் பயன்படுத்திய நீள் உருளையில் 1 கன செ.மீ.க்கு ஒரு கோடுதான் இருக்கிறது. நீரின் மட்டம் 14 என்ற கோட்டை ஒட்டி இருந்ததால் 14 என்று எழுதினோம். உண்மையான அளவு 13.6 ஆகவும் இருக்கலாம், 14.3 ஆகவும் இருக்கலாம். 13.5க்கும் 14.5க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதை மட்டுமே நம்மால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது இரு எல்லைகளுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள். கன அளவு 14.5 என்றால் அடர்த்தி சுமார் 2.59. கன அளவு 13.5 என்றால் அடர்த்தி சுமார் 2.78. ஆக, கல்லின் அடர்த்தி 2.59க்கும் 2.78க்கும் இடையில் இருக்கிறது. முதல் இலக்கமான 2 உறுதி. அடுத்த இலக்கம் 6, 7, 8 ஆகியவற்றில் ஒன்று. 7 என்பது நல்ல மதிப்பீடு. அதற்கு மேல் கால்குலேட்டர் காட்டும் இலக்க வரிசைக்கு அளவீட்டில் எந்த ஆதாரமும் இல்லை. அது வகுத்தல் கணக்கின் எச்சம்.

எனவே நேர்மையான விடை, 2.7 கிராம்/கன செ.மீ. அதாவது, இரண்டு பொருளுள்ள இலக்கங்கள்.

‘பொருளுள்ள’ என்றால் என்ன?

மூன்றாம் படிவக் கணிதப் பாடத்தில் ‘அங்கா பெர்எர்த்தி’ என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ்’ என்பார்கள். மலாய்ச் சொல்லில் உள்ள ‘எர்த்தி’யும் நாம் பேச்சில் சொல்லும் ‘அர்த்த’மும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. ஆகவே பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஓர் எண்ணில் எந்த இலக்கங்களுக்கு அர்த்தம் உண்டோ, அவையே பொருளுள்ள இலக்கங்கள். உறுதியாகத் தெரிந்த இலக்கங்கள் எல்லாமும், அவற்றோடு சற்று ஐயத்திற்குரிய கடைசி இலக்கம் ஒன்றும் இதில் அடங்கும்.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு 10 சென் காசை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இப்போது புழக்கத்தில் உள்ள மஞ்சள் நிறமில்லாத வெள்ளைக் காசு. அதன் விட்டத்தை மூன்று கருவிகளால் அளக்கலாம்.

சாதாரண அடிக்கோலால் அளந்தால் 1.9 செ.மீ. இரண்டு பொருளுள்ள இலக்கங்கள்.

வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 1.88 செ.மீ. மூன்று பொருளுள்ள இலக்கங்கள்.

மைக்ரோமீட்டர் திருகு அளவியால் அளந்தால் 18.80 மி.மீ., அதாவது 1.880 செ.மீ. நான்கு பொருளுள்ள இலக்கங்கள்.

காசு ஒன்றுதான். மாறியது கருவி. ஒவ்வொரு கருவியும் தன்னால் பார்க்க முடிந்த அளவுக்கு மட்டுமே சாட்சி சொல்கிறது. ‘1.880’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் என்ன கருவியைப் பயன்படுத்தியிருப்பார் என்பதை நேரில் பார்க்காமலேயே ஊகித்துவிடலாம். விஞ்ஞானிகள் எண்களை எழுதும் முறைக்குப் பின்னால் இப்படி ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது.

சுழியம் செய்யும் குழப்பம்

1 முதல் 9 வரையிலான இலக்கங்களில் சிக்கல் இல்லை. அவை எங்கு வந்தாலும் பொருளுள்ளவை. தொல்லை கொடுப்பது சுழியம்தான். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது.

நடுவில் நிற்கும் சுழியம் பொருளுள்ளது. 1005 மீட்டர் என்பதில் நான்கு பொருளுள்ள இலக்கங்கள்.

முன்னால் நிற்கும் சுழியம் பொருளற்றது. 0.0188 மீட்டர் என்பதும் 1.88 செ.மீ. என்பதும் ஒரே அளவு. அலகை மாற்றியதால் முன்னால் சுழியங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அவை தசமப் புள்ளியின் இடத்தைக் காட்டுகின்றன, அளவீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டிலும் மூன்று பொருளுள்ள இலக்கங்களே.

தசமப் புள்ளிக்குப் பின் இறுதியில் நிற்கும் சுழியம் பொருளுள்ளது. 18.80 மி.மீ. என்பதன் கடைசிச் சுழியத்தைப் பலர் ‘சும்மா’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ‘நூறில் ஒரு மில்லிமீட்டர்வரை பார்த்தேன், அங்கே இருந்தது சுழியம்தான்’ என்று அது சொல்கிறது. அதை அழித்தால் அளந்தவரின் உழைப்பையே அழித்ததாகும்.

தசமப் புள்ளி இல்லாத முழு எண்ணின் இறுதியில் நிற்கும் சுழியம்தான் உண்மையான புதிர். 4500 என்பதில் இரண்டு பொருளுள்ள இலக்கங்களா, மூன்றா, நான்கா? எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எந்த அளவுக்குக் கிட்டிய மதிப்பாக்கினார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

இந்தப் புதிர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தையே விட்டுவைக்கவில்லை. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து ஒரு மாபெரும் நிலஅளவைப் பணியைத் தொடங்கினார். அது வடக்கே இமயமலைவரை சென்றது. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித வல்லுநர் கணக்கீடுகளில் முக்கியப் பங்காற்றினார். 1856இல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. பல இடங்களிலிருந்து எடுத்த அளவீடுகளின் சராசரி மிகச் சரியாக 29,000 அடி என்றே வந்ததாகவும், அப்படியே வெளியிட்டால் ‘ஏதோ குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள்’ என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்பதால் 2 அடி சேர்க்கப்பட்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் அறிவியல் குறியீட்டு முறை இருக்கிறது. நீங்கள் ‘பெந்துக் பியாவாய்’ என்று படிப்பது இதுவே. 2.9 × 10⁴ அடி என்று எழுதினால் ஆயிரத்திற்குக் கிட்டிய மதிப்பு என்று பொருள். 2.9000 × 10⁴ அடி என்று எழுதினால் ஒவ்வோர் அடியும் அளக்கப்பட்டது என்று பொருள். 2 அடியைக் கூட்டாமலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

கணக்கில் கடைப்பிடிக்க வேண்டியவை

பெருக்கல், வகுத்தல் கணக்குகளில், கொடுக்கப்பட்ட அளவீடுகளுள் எதில் பொருளுள்ள இலக்கங்கள் மிகக் குறைவோ, அதே எண்ணிக்கையில் விடையை எழுத வேண்டும். நம் கல் கணக்கில் 37.5க்கு மூன்று, 14க்கு இரண்டு. ஆகவே விடைக்கு இரண்டு. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியைப் பொறுத்தது அல்லவா? அதுபோலத்தான். விடையை மேம்படுத்த விரும்பினால் இன்னும் விலை உயர்ந்த தராசு வாங்கிப் பயனில்லை; கன அளவை இன்னும் நுட்பமாக அளக்க வேண்டும். எந்தக் கருவி நம் ஆய்வைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதையும் இந்த விதி காட்டிக்கொடுக்கிறது.

கூட்டல், கழித்தல் கணக்குகளில் விதி வேறு. அங்கே பொருளுள்ள இலக்கங்களை எண்ணக் கூடாது. தசம இடங்களைப் பார்க்க வேண்டும். வீட்டுத் தராசில் ஏறி நின்றால் 48.5 கிலோ. கையில் இருக்கும் கைப்பேசி 0.187 கிலோ. மொத்தம் 48.687 கிலோவா? உங்கள் எடை 48.5 என்பதே ஒரு தசம இடம்வரைதான் தெரியும். நூறில் ஒரு பங்கு கிலோவில் உங்கள் எடை என்ன என்பது தெரியாதபோது, கைப்பேசியின் 87 கிராமை அங்கே கொண்டுபோய் ஒட்டுவதில் அர்த்தமில்லை. விடை 48.7 கிலோ.

கழித்தலில் ஓர் அபாயமும் உண்டு. கைப்பேசியோடு 48.7, கைப்பேசி இல்லாமல் 48.5. கழித்தால் 0.2 கிலோ. மூன்று பொருளுள்ள இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்கள், கழித்த பிறகு ஒரே ஓர் இலக்கமாகச் சுருங்கிவிட்டன. நெருக்கமான இரு எண்களைக் கழிக்கும்போது பொருளுள்ள இலக்கங்கள் காணாமல் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இது ஒரு நோபல் பரிசோடு திரும்பி வரும்.

எண்ணிப் பெற்ற எண்களுக்கும், வரையறுக்கப்பட்ட எண்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஊசல் ஆய்வில் 20 அலைவுகளுக்கு 28.4 விநாடி ஆனது என்றால், ஓர் அலைவுக்கான நேரம் 28.4 ÷ 20 = 1.42 விநாடி. ‘20க்கு இரண்டு இலக்கம்தானே, விடை 1.4 ஆக வேண்டாமா?’ என்று கேட்காதீர்கள். 20 என்பது நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. அது 19.8 ஆக இருக்க வழியே இல்லை. அதேபோல் ஓர் அங்குலம் என்பது 2.54 செ.மீ. என்று வரையறுக்கப்பட்டது, அதில் ஐயம் கிடையாது.

அதே ஊசல் ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுத்துக் கடிகாரம் 28.43 என்று நூறில் ஒரு பங்குவரை காட்டுகிறது. ஆனால், அதை அழுத்தும் விரலுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி தாமதம் உண்டு. ஆகவே, கடைசி 3க்கு மதிப்பில்லை. கருவி காட்டுவதாலேயே ஓர் இலக்கம் பொருளுள்ளதாகிவிடாது. பயன்படுத்தும் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நடுவழியில் வெட்டாதீர்கள்

கிட்டிய மதிப்பாக்கும்போது அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கூட்டுகிறோம், 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் விட்டுவிடுகிறோம். இதை ஒரே தாவலில் செய்ய வேண்டும். 2.348ஐ இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்கு மாற்றச் சொன்னால், முதலில் 2.35 ஆக்கி, பிறகு 2.4 ஆக்குவது தவறு. 2.348 என்பது 2.4ஐவிட 2.3க்குத்தான் அருகில் இருக்கிறது.

பல படிகள் கொண்ட கணக்கில், ஒவ்வொரு படியிலும் கிட்டிய மதிப்பாக்குவதும் தவறு. கால்குலேட்டரில் இருப்பதை இறுதிவரை அப்படியே கொண்டு சென்று, கடைசி விடையில் மட்டும் கிட்டிய மதிப்பாக்குங்கள். இதைச் செய்யாமல் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை பெரிய பாடம் கற்றது.

1982 ஜனவரியில் அந்தச் சந்தை 1000.000 என்ற எண்ணில் ஒரு புதிய குறியீட்டைத் தொடங்கியது. பங்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் கணினி குறியீட்டைத் திருத்தும். நாளொன்றுக்குச் சுமார் 3000 முறை இது நடந்தது. ஒவ்வொரு முறையும் கணினி மூன்று தசம இடங்களை வைத்துக்கொண்டு மீதியைக் கிட்டிய மதிப்பாக்காமல் வெட்டி எறிந்தது. வெட்டப்பட்டது சராசரியாக 0.0005 மட்டுமே. ஆனால், 3000 முறை வெட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.5. சந்தை நன்றாக நடந்துகொண்டிருந்தும், குறியீடு நாள்தோறும் இறங்கிக்கொண்டே போனது. 1983 நவம்பரில் அது 524.811 என்று நின்றது. தவற்றைக் கண்டுபிடித்து மீண்டும் கணக்கிட்டபோது வந்த எண் 1098.892. சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள்; இங்கே சிறுதுளியாகக் கசிந்து பாதிக் குளமே வற்றிவிட்டது.

அளக்காததைச் சேர்த்தால் என்ன ஆகும்?

அதிக இலக்கங்கள் எழுதுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். காய்ச்சல்மானியைப் பாருங்கள்.

ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் 1868இல் வெளியிட்ட நூலின் வழியாக, மனித உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்ற கருத்து பரவியது. ஏராளமான மனிதர்களை அளந்து பெற்ற ஒரு சராசரி அது. ஃபாரன்ஹீட் அளவைப் பயன்படுத்தும் நாடுகளில் இதை மாற்றி எழுதினார்கள். 37ஐ 9ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, 32ஐக் கூட்டினால் 98.6. கணக்கில் பிழையில்லை. ஆனால், ‘37’ என்பது கேட்பவர் காதில் ‘ஏறத்தாழ 37’ என்று விழுகிறது. ‘98.6’ என்பதோ பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாகத் தெரிந்தது போல ஒலிக்கிறது. 37 என்பதைக் கிட்டிய முழு எண்ணாகக் கொண்டால் அது 36.5 முதல் 37.5 வரை உள்ள வெப்பநிலைகளைக் குறிக்கும். ஃபாரன்ஹீட்டில் அது 97.7 முதல் 99.5 வரை.

அலகு மாற்றத்தில் நுழைந்த அந்த ‘.6’ஐப் பார்த்துப் பழகியவர்கள், 99ஐக் கண்டாலே காய்ச்சலோ என்று கவலைப்பட்டார்கள். 1992இல் அமெரிக்காவில் 148 நலமான மனிதர்களை அளந்து பார்த்த ஆய்வில் சராசரி 98.2 என்று வந்தது. உடல் வெப்பநிலை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்கும் காலையில் குறைந்து மாலையில் கூடும். ஓர் ஒற்றை எண்ணின் கடைசி இலக்கத்தில் உடல்நலத்தைத் தேடுவது சரியல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பொருளுள்ள இலக்கங்கள் அதிகம் இருப்பதாலேயே ஓர் எண் சரியானதாகிவிடாது. சபாவில் உள்ள கினபாலு மலையின் உயரம் 4101 மீட்டர் என்றே நீண்ட காலம் பாடநூல்களில் இருந்தது. நான்கு பொருளுள்ள இலக்கங்கள்! 1997இல் செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தின் உதவியோடு மீண்டும் அளந்தபோது 4095.2 மீட்டர் என்று தெரியவந்தது. கிட்டத்தட்ட 6 மீட்டர் வேறுபாடு. பொருளுள்ள இலக்கங்கள், அளந்தவர் எவ்வளவு நுட்பமாக அளந்ததாகச் சொல்கிறார் என்பதைக் காட்டும். அவர் சொல்வது சரிதானா என்பதை மீண்டும் அளந்துதான் அறிய வேண்டும்.

அளந்ததை வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதுவரை கூடுதலாக எழுதாதீர்கள் என்றே சொல்லி வந்தோம். குறைவாக எழுதுவதும் தவறுதான். அதற்குச் சான்று, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரேலி பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வாயுக்களின் அடர்த்தியை மிக நுட்பமாக அளந்துகொண்டிருந்தார். நைட்ரஜனின் முறை வந்தது. அவர் அதை இரண்டு வழிகளில் தயாரித்தார். ஒன்று, காற்றிலிருந்து ஆக்ஸிஜனை அகற்றி மீதியை எடுப்பது. மற்றொன்று, அம்மோனியா போன்ற வேதிப்பொருள்களைச் சிதைத்து நைட்ரஜனைப் பெறுவது. இரண்டையும் ஒரே கண்ணாடிக் குடுவையில், ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் நிரப்பி எடைபோட்டார்.

காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சராசரியாக 2.3102 கிராம்.

வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜன், சராசரியாக 2.2993 கிராம்.

இரண்டு எண்களையும் இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்கு மாற்றிப் பாருங்கள். 2.3, 2.3. வேறுபாடே இல்லை. மூன்று இலக்கங்களுக்கு மாற்றினால் 2.31, 2.30. கடைசி இலக்கம் எப்போதுமே ஐயத்திற்குரியது, ஆகவே ‘பரவாயில்லை, ஒன்றுதான்’ என்று கடந்து போயிருக்கலாம். ஆனால், ரேலியின் கையில் ஐந்து பொருளுள்ள இலக்கங்கள் இருந்தன. காற்றிலிருந்து எடுத்த வாயுவை அவர் மூன்று வெவ்வேறு முறைகளில் சுத்தப்படுத்தி எடைபோட்டபோதும் 2.3100 முதல் 2.3103 வரையே வந்தது. வேதிப்பொருள்களிலிருந்து எடுத்தது 2.2987க்கும் 2.3001க்கும் இடையில் நின்றது. இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

இரண்டையும் கழித்தால் 0.0109 கிராம். கழித்தலில் இலக்கங்கள் காணாமல் போகும் என்று பார்த்தோம் அல்லவா? ஐந்து இலக்கங்களோடு தொடங்கியதால்தான் கழித்த பிறகும் மூன்று இலக்கங்கள் மிஞ்சின. மூன்றோடு தொடங்கியிருந்தால் 0.01 என்ற ஐயமான ஓர் இலக்கம்தான் கையில் இருந்திருக்கும்.

1892இல் ரேலி ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி, இந்த வேறுபாட்டிற்கு யாராவது காரணம் சொல்ல முடியுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். முதலில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்த வேறுபாட்டை மறைக்கப் பார்க்கவில்லை. ஆய்வு முறையை மாற்றி, அதை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னர் வேதியியலாளர் வில்லியம் ராம்சே அவரோடு சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து எடுத்த ‘நைட்ரஜனை’ச் சூடான மக்னீசியத்தின் மேல் மீண்டும் மீண்டும் செலுத்தியபோது, எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு சிறிதளவு எஞ்சியது. அது நைட்ரஜனைவிடக் கனமானது. எடையைக் கூட்டிக் காட்டியது அதுதான்.

1894இல் அந்தப் புதிய தனிமம் அறிவிக்கப்பட்டது. எதனோடும் சேராத சோம்பேறி என்பதால் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆர்கான்’ என்று பெயர் வைத்தார்கள். காற்றில் அது ஏறக்குறைய 0.93 விழுக்காடு இருக்கிறது. நம் ஒவ்வொரு மூச்சிலும் போய் வரும் பொருள் அது. ஆனால், அதுவரை அப்படி ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. 1785இலேயே ஹென்றி கேவண்டிஷ் காற்றில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி எஞ்சுவதைக் கவனித்துக் குறித்து வைத்திருந்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குறிப்பு காத்துக் கிடந்தது.

ஆர்கானைத் தொடர்ந்து நியான், கிரிப்டான், செனான் என்று தனிம அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசையே உருவானது. 1904இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ரேலிக்கும், வேதியியலுக்கான நோபல் பரிசு ராம்சேக்கும் கிடைத்தன.

மீண்டும் நம் கல்லுக்கு வருவோம். 2.678571429 என்று எழுதுவது அளக்காததை அளந்ததாகச் சொல்வது. 3 என்று எழுதுவது அளந்ததைத் தூக்கி எறிவது. 2.7 என்பது அளந்ததை அளந்தபடி சொல்வது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் விடை எழுதும்போது கால்குலேட்டர் திரையைப் பார்க்கும் முன் உங்கள் கருவியைப் பாருங்கள். கடைசி இலக்கத்தை எழுதிய பிறகு, ‘இதை நான் அளந்தேனா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 0.0506 மீட்டர் என்பதில் எத்தனை பொருளுள்ள இலக்கங்கள்?

2. 7.300 கிராம் என்பதில் எத்தனை பொருளுள்ள இலக்கங்கள்?

3. 8.4476ஐ இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்கு மாற்றுக.

4. 150.0 கிராம் நீரில் 2.37 கிராம் உப்பைக் கரைத்தால் கரைசலின் பொருண்மை என்ன?

5. ஓர் அட்டையின் நீளத்தை அடிக்கோலால் அளந்தால் 6.2 செ.மீ. அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 3.15 செ.மீ. அதன் பரப்பளவு என்ன?

விடைகள்

1. மூன்று. முன்னால் உள்ள சுழியங்கள் சேராது, நடுவில் உள்ள சுழியம் சேரும்.

2. நான்கு. இறுதிச் சுழியங்கள் இரண்டும் அளந்து பெற்றவை.

3. 8.4. படிப்படியாக 8.448, 8.45, 8.5 என்று போனவர்கள் தவறினார்கள்.

4. 152.4 கிராம். நீரின் பொருண்மை ஒரு தசம இடம்வரைதான் தெரியும்.

5. கால்குலேட்டர் 19.53 என்று காட்டும். இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்கு மாற்றினால் 20 சதுர செ.மீ. ஆனால், 20 என்று மட்டும் எழுதினால் அந்தச் சுழியம் அளந்து பெற்றதா என்பது படிப்பவருக்குத் தெரியாது. 2.0 × 10¹ சதுர செ.மீ. என்று எழுதினால் ஐயமில்லை. இப்படி எழுதியவர்கள் எவரெஸ்ட் சிக்கலையும் தீர்த்துவிட்டார்கள்!